கொங்கு ஸ்டுடியோக்களின் ‘கேசட் டு பென்டிரைவ்’ சேவை: கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது?

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று எந்த ஊர் கடைவீதிக்குப் போனாலும் கல்யாண ஸ்டுடியோ ஒன்றின் கண்ணாடியில் ‘பழைய வீடியோ கேசட் பென்டிரைவில் ஏற்றித் தரப்படும்’ என்ற ஸ்டிக்கர் இருக்கும். கொடுத்த இரண்டாம் நாள் பைல் கைக்கு வந்துவிடுகிறது. டிவியில் போட்டுப் பாட்டி தாத்தாவைப் பார்த்துக்கொள்ள இது போதும். கேசட்டைக் குப்பையில் போட்டுவிட்டு இந்த பைலையே மூலமாக வைத்துக்கொள்ளலாம் என்றால், கூடாது. பெரும்பாலான கடைகளில் வருவது பார்க்கும் பிரதிதான். பாதுகாக்கும் பிரதி வேறு. கேட்டு வாங்கினால்தான் உண்டு.

கடைக்குள் நடப்பது இதுதான். கேசட்டை ஓட்டும் வி.சி.ஆரின் மஞ்சள் பின்னிலிருந்து ஒரு வயர், அது போய்ச் சேரும், படத்தை டிஜிட்டலாக்கும் யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக், அங்கிருந்து கம்ப்யூட்டரில் ஒரு எம்பி4. வீட்டு வீடியோ கேசட்டான வி.எச்.எஸ். டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் பதிந்திருக்கின்றன. மஞ்சள் பின் இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது, ஸ்டிக் அதைத் திரும்பப் பிரிக்கப் பார்க்கிறது. கரை வேட்டியின் ஓரத்திலும் பட்டுச் சேலைக் கட்டத்திலும் நிறம் நெளிவது இதனால்தான். இரண்டையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ பின் உள்ள டெக்கில் (வி.சி.ஆரில்) இந்தக் கலப்பே இல்லை. கடையில் முதலில் கேட்க வேண்டியது இது: “அண்ணா, எஸ்-வீடியோ அவுட் இருக்குதுங்களா?”

அடுத்த கோளாறு வெள்ளை. மலிவு ஸ்டிக்குகள் வெளிச்சத்தைத் தாமாகவே ஏற்றி இறக்கும். வெள்ளைச் சட்டையும் வேட்டியும் நிறைந்த மண்டபத்தில் போக்கஸ் லைட் அடித்து எடுத்த காட்சியில் சட்டையின் மடிப்பெல்லாம் கரைந்து ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். ஒருமுறை அப்படி வெட்டுப்பட்டுப் பதிந்ததை எந்த எடிட்டிங்கிலும் மீட்க முடியாது. டேப்பில் அந்த மடிப்பு அப்படியே இருக்கும், பைலில் இருக்காது.

மூன்றாவதுதான் கடைக்காரர்கள் ‘கிளியர் பண்ணித் தர்றோம்’ என்று பெருமையாகச் சொல்வது. நம் நாட்டில் வழங்கிய பால் (PAL) முறை டேப்பில் நொடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட இரண்டு பீல்டு, ஆக நொடிக்கு 50 அசைவு. கம்ப்யூட்டரில் கோடு கோடாகத் தெரிகிறதே என்று மென்பொருள் ஒரு பீல்டைத் தூக்கிப் போட்டால் 576 வரிப் படம் 288 வரியாகிறது, அசைவும் பாதியாகிறது. மேடையில் மாலை மாற்றும் காட்சியில் இது உறுத்தாது. வள்ளி கும்மியிலும் ஒயிலாட்டத்திலும் கால் அடவு போய்விடும். கும்மி ஆசிரியர்கள் பழைய டேப்பைப் பார்த்து அடவு எடுக்க நினைத்தால் இந்தப் பைலால் பிரயோசனம் இல்லை. பீல்டுகளைப் பிரித்துக் காட்டும் வேலை பிளேயருடையது. மூலத்தில் கை வைக்கக் கூடாது.

4:3 படத்தை 16:9 ஆக இழுத்து மாப்பிள்ளையைக் குண்டாக்குவதும், ‘4கே ஆக்கித் தர்றோம்’ என்று தனியாகக் காசு வாங்குவதும் இதே ரகம். வி.எச்.எஸ்.ஸில் இருப்பது ஏறக்குறைய 240 கோட்டுத் தெளிவு. மீதியெல்லாம் கம்ப்யூட்டரின் கற்பனை. முகத்தையே புதிதாக வரைந்துவிடும் மென்பொருள்களும் வந்துவிட்டன. அவற்றைத் தனிப் பிரதியில் வைத்து விளையாடுங்கள்.

இதையெல்லாம் எந்த அளவுகோலில் அளப்பது? பதிப்புரிமைக்காகப் படங்களை வாங்கி வைக்கும் நூலகங்களின் விதியே நல்ல அளவுகோல். அமெரிக்கச் சட்டப்படி, அங்கே வெளியான படைப்பை மூன்று மாதத்துக்குள் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் ‘சிறந்த பதிப்பாக’. நீண்ட காலம் வழக்கில் இருந்த அந்தப் பட்டியலில் டேப்பைவிடப் பிலிமுக்கு முன்னுரிமை, 16 மில்லிமீட்டரைவிட 35க்கு, 8ஐவிட 16க்கு. டேப்பில் அரை இஞ்சு கேசட்டைவிட முக்கால் இஞ்சு, அதைவிட ஒரு இஞ்சு. டிஸ்க்கைவிட டேப். மூலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போ என்பதுதான் வரிசையின் உள்ளர்த்தம். அரை இஞ்சு வி.எச்.எஸ். அங்கே டேப் வரிசையின் கடைசிப் படியில் நிற்கிறது. நம்மிடம் இருப்பதே கடைசிப் படி. அதிலிருந்தும் ஒரு படி இறங்கி எம்பி4க்குப் போகிறோம்.

நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டம் புத்தகத்தையும், பின்னால் சேர்த்த பத்திரிகைகளையும் நூலகங்களுக்குக் கொடுக்கச் சொல்கிறது. படம் அதில் இல்லை. பதிப்புரிமை அலுவலகத்தில் படத்தைப் பதிய 2013 விதிகளின்படி 14ஆம் படிவமும் 5000 ரூபாய்க் கட்டணமும் தேவை. ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். பதியாவிட்டாலும் உரிமை உண்டு, படம் வெளியானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுக்கு. ஆனால் பதிவுக்குக் கொடுத்த டிவிடியைப் பாதுகாப்புப் பிரதி என்று நம்பியிருக்கக் கூடாது. கோவையில் குறும்படம், ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, கடையில் எப்படிக் கேட்பது? ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம். 720க்கு 576, பீல்டுகளைத் தொடாமல் இன்டர்லேஸ்டாக, 4:2:2 நிறம், முடிந்தால் 10 பிட். எஃப்எஃப்வி1 கோடெக், எம்கேவி வகைப் பைல். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்காத பிசிஎம். சத்தம் குறைக்கும் பில்டர் வேண்டாம். படத்தின் அடியில் நடுங்கும் சில வரிகளையும் வெட்ட வேண்டாம். இதற்கு மேல் பார்ப்பதற்கு ஒரு எம்பி4 தனியாக.

எஃப்எஃப்வி1 ஏன் என்று கடைக்காரரே கேட்பார். அது சுருக்கும், ஆனால் ஒரு புள்ளியைக்கூட இழக்காது. இலவசம், யாருக்கும் உரிமக் கட்டணம் இல்லை, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2021இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. சுருக்காத 10 பிட் பைல் மணிக்குக் கிட்டத்தட்ட 100 ஜிபி, 8 பிட் என்றால் 75. எஃப்எஃப்வி1 அதில் பாதிக்கும் கீழே வரக்கூடும்; புள்ளி அடிக்கும் டேப்பாக இருந்தால் அவ்வளவு குறையாது. மூன்று மணிநேர கேசட்டுக்கு 100 ஜிபிக்கு மேல் இடம் ஒதுக்குங்கள். டிவியில் நேரடியாக ஓடாது, விஎல்சியில் ஓடும்.

16 ஜிபி பென்டிரைவைக் கொண்டு போய் நீட்டினால் எம்பி4தான் வரும். அந்த பென்டிரைவும் பழைய ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே பைலாக ஏறாது. கடைக்காரர் துண்டு துண்டாக வெட்டுவார், வெட்டிய இடத்தில் மங்கல வாழ்த்துப் பாட்டில் ஒரு வரி காணாமல் போகும். எக்ஸ்-ஃபேட் முறையில் பார்மட் செய்த ஹார்ட் டிஸ்க் இரண்டு கொண்டு போங்கள். ஒன்று ஊரில், ஒன்று வேறு ஊரில்.

உதடும் பேச்சும் ஒட்டாமல் போவது தனிக் கதை. கேமரா நிறுத்தி நிறுத்தி எடுத்த டேப்பில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிக்னல் ஒரு கணம் குலையும். ஸ்டிக் அங்கே ஃப்ரேமைத் தவறவிடும், ஒலி மட்டும் தன்பாட்டுக்கு ஓடும். தாலிக்கு முந்திய இணைச்சீர்ச் சடங்கில் சேர்ந்திருந்த பேச்சு தாலி கட்டும்போது பின்தங்கிவிடும். குலைந்த சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி, குறிப்பாக முழு ஃப்ரேமையும் சீராக்கும் வகை, இதைப் பெருமளவு தடுக்கும். அது இல்லாத கடையில் பாதுகாப்புப் பிரதி எடுக்கச் சொல்வது வீண். வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டதால், நல்ல டெக் வைத்திருப்பவர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

கேசட்டைக் கொடுக்குமுன் வீட்டில் பார்க்க வேண்டியவை உண்டு. கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா? பூஞ்சை. வால்பாறை, ஆனைமலைப் பக்கத்து ஈர வீடுகளில் இது சகஜம். ஓட்டிப் பார்க்காதீர்கள்: டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் போகும். கடைக்காரர் பூஞ்சைக் கேசட்டைத் தனி மெஷினில் சுத்தம் செய்கிறாரா என்று கேளுங்கள். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க’ என்றால் கேசட்டோடு திரும்பிவிடலாம். பல்லடம், சோமனூர் தறி வீடுகளில் பஞ்சுத் தூசி உள்ளே போயிருக்கலாம். கூரைக்குக் கீழே பரணில் வெந்து கிடந்தது என்றால் ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றிய பிறகே பதிவு செய்யச் சொல்லுங்கள். முதுகுப்புறத்துச் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் தவறியும் மேலே பதிவாகாது.

கையடக்கக் கேமராவின் மினி டி.வி. (MiniDV) கேசட் வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் வயர் வழியாக எடுத்தால் டேப்பில் உள்ளது அப்படியே வரும், மணிக்கு 13 ஜிபி. அதை மஞ்சள் பின்னில் எடுக்கும் கடைக்குக் கொடுக்காதீர்கள்.

பிலிம் சுருளை இந்தக் கடைகளிடம் கொடுக்கவே வேண்டாம். சுவரில் ஓட்டிக் கேமராவில் பிடிப்பார்கள். நொடிக்கு 18 ஃப்ரேம் ஓடும் படம் 25இல் பிடிக்கும்போது மினுங்கும், நடுவில் வெளிச்சம் குவியும். சுருங்கிய பிலிம் புரொஜெக்டர் பல்லில் கிழியவும் செய்யும். டப்பாவைத் திறந்ததும் புளிக்காடி வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. மற்றச் சுருள்களிடமிருந்து பிரித்து, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக ஸ்கேன் செய்யும் லேபுக்குத்தான், பெரும்பாலும் சென்னைக்கு, போக வேண்டும்.

பைல் கைக்கு வந்ததும் காசு கொடுக்குமுன் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். கோடெக், 720க்கு 576, இன்டர்லேஸ்டு, பிட் ஆழம் எல்லாம் அதில் தெரியும். தவறிய ஃப்ரேம் எத்தனை என்று கேப்சர் மென்பொருள் காட்டிய எண்ணையும் கேளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டி உதட்டைப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லாப் பைலும் சரியாகத்தான் இருக்கும். பிறகு பைலின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் எடுத்து எழுதி வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒருமுறை அதே எண் வருகிறதா என்று பார்த்துப் பைல் கெட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். கேசட்டைத் திரும்ப வாங்கி, முழுக்கச் சுற்றி, படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.