ஸாப்பியரா, சொந்த சர்வரில் என்8என்னா?

ஆர்டர் வந்ததும் ஷீட்டில் ஒரு வரி, பில், வாட்ஸ்அப் செய்தி, கணக்கு மென்பொருளில் பதிவு. செயலிகளை இணைத்து வேலைகளைத் தானாகச் செய்யும் கருவிகள் ஸாப்பியரும் (Zapier) என்8என்னும் (n8n). இந்த நான்கையும் தானாக ஓட வைக்க இரண்டாலும் முடியும். ஸாப்பியரில் கட்டுவது சுலபம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது வெற்றிகரமாக முடியும் ஒவ்வொரு செயலையும் ஒரு டாஸ்க் என்று எண்ணும். தினம் 100 ஆர்டர் என்றால் மாதத்துக்கு 12,000 டாஸ்க். இலவசத் திட்டத்தில் மாதம் கிடைப்பது 100. என்8என்-இன் இலவசப் பதிப்பை டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டியில் அடைத்தது போல ஓட்டும் கருவி) போட்டால் சர்வர் வாடகையோடு சரி. அதனால் என் ஓட்டு என்8என்னுக்கு.

ஆனால் அந்த மிச்சத்துக்குப் பதிலாகப் பராமரிப்பு நம் தலையில் வந்து விழும். முதலில் என்கிரிப்ஷன் கீ, அதாவது சேமித்த ரகசியங்களைப் பூட்டித் திறக்கும் சாவி. டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்துக் கீயை விட்டுவிட்டால், புது சர்வரில் பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (மற்ற மென்பொருள்களோடு இணையத் தரும் ரகசியக் குறியீடு) எதுவும் திறக்காது. எல்லாக் கணக்குகளையும் மறுபடி இணைக்க வேண்டியதுதான். அடுத்து நேர மண்டலம். மாற்றாவிட்டால் நியூயார்க் நேரம்தான்: காலை 9 மணி ரிப்போர்ட் இங்கே மாலை 6.30க்கு வரும், அங்கே குளிர்காலம் என்றால் 7.30க்கு. பழைய ஓட்டப் பதிவுகள் 14 நாளில் தானாக நீங்கும், ஆனாலும் அவை இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பு தானாகச் சுருங்காது. அதற்குப் பதில் முதலிலேயே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போடுவது நல்லது.

பிழை வந்தால் சொல்ல, எரர் ட்ரிகரில் (பிழை வந்ததும் கிளம்பும் தொடக்கப் படி) தொடங்கும் தனி வொர்க்ஃப்ளோ (தானாக ஓடும் படிகளின் வரிசை) ஒன்று கட்டி, மற்ற ஒவ்வொன்றின் செட்டிங்ஸிலும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவற்றைக் கையால் ஓட்டிப் பார்த்தால், பிழை வந்தாலும் இந்தத் தனி வொர்க்ஃப்ளோ கிளம்பாது. வேலை செய்யவில்லை என்று பலர் குழம்புவது இங்கேதான்.

ரீட்ரையில், அதாவது தோற்ற படியை மறுபடி முயல்வதில் மட்டும் எந்தக் கருவியானாலும் கவனம். பில் உருவான பிறகு பதில் வரத் தாமதமானால், அடுத்த முயற்சியில் இன்னொரு பில் விழும். ஆர்டர் எண்ணை வைத்து ‘ஏற்கெனவே பில் இருக்கிறதா’ என்று தேடும் படி ஒன்றை முன்னால் வையுங்கள்.

டாக்கர் லாகை (அது எழுதி வைக்கும் பிழைப் பதிவுகளை) திறந்து படிக்க ஆபீஸில் ஒருவர்கூட இல்லையென்றால் ஸாப்பியரே மேல். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொட்டும் இடத்துக்கு மேலே சொன்ன ஒற்றை சர்வர் ஏற்பாடு போதாது. ரெடிஸ் என்ற மென்பொருளை வைத்து, வேலைகளை வரிசையில் நிறுத்திப் பலவற்றுக்குப் பிரித்துத் தரும் கியூ மோடுக்குப் போக வேண்டும், அப்போது பராமரிப்புக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.