நீரோடி தாண்டி ஒரு சாயாக்கடை, விடியக்காலம் அமெரிக்கப் பந்து

நீரோடியிலிருந்து பொழியூர் போகும் கடற்கரை ரோட்டில் விடியும் முன்பே ஆள் கூடி நிற்கிற சாயாக்கடை ஒன்று உண்டு. சாயாவும் ரசவடையும் அருமை, அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் டிவி. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அமெரிக்க லீக் கால்பந்தைப் பெரிய திரையில் போடுகிற கடை எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் இது ஒன்றுதான். அங்கே சனிக்கிழமை ராத்திரி ஏழரை, நமக்கு விடியக்காலம் ஐந்து. ஞாயிறு கடலுக்குப் போகாத நாள் என்பதால் பெஞ்சு நிறைந்துவிடும், முதல் பூசைக்குப் போகிறவர்கள் இடைவேளையில் எழுந்தால் இரண்டாம் பூசைக்காரர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

2023 ஜூலையில் மெஸ்ஸி மயாமி அணியில் சேர்ந்த பிறகு தொடங்கிய பழக்கம் இது. ஆனால் மெஸ்ஸி ஆடாத நாளிலும் கடைக்கார அண்ணன் டிவியை அணைப்பதில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

நியூஜெர்சியில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் லீவில் வந்தபோது இதைப் பார்த்து அசந்துபோனான். "அண்ணே, நீங்க இங்க இருந்து இந்தப் பாடு பாக்குதிய, எங்க ஆபீஸ்ல திங்கக்கிழமை ஒருத்தனும் இதப் பத்தி வாய் தொறக்கமாட்டான்" என்றான். உடனே பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் அமெரிக்காக்காரனுக்குப் பந்து புரியாது, கோல் குறைவாக விழுந்தால் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும் என்று முடித்துவிட்டார். நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 1994 உலகக்கோப்பை அங்கே நடந்தபோது 52 ஆட்டங்களைப் பார்க்க 35 லட்சம் பேருக்கு மேல் மைதானத்துக்கு வந்தார்கள், 1999 பெண்கள் உலகக்கோப்பை இறுதியாட்டத்துக்கு ரோஸ் பவுல் மைதானத்தில் 90,000 பேருக்கு மேல் கூடினார்கள். பார்க்க ஆள் இருக்கிறது, அதை நாள்தோறும் காட்டுவதற்கும் எழுதுவதற்கும்தான் ஆள் போதவில்லை.

காரணம் விளம்பரக் காசு. அவர்கள் ஊரில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேறு ஆட்டம், அது நின்று நின்று ஆடுவது, மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது ஏறக்குறைய 11 நிமிடம், மற்ற நேரமெல்லாம் விளம்பரம் போடலாம், அலசலாம், ரீப்ளே காட்டலாம். நம் பந்து ஒருமுறை உருண்டால் 45 நிமிடம் நிற்காது. 1967இல் சிபிஎஸ் டிவி அங்கே ஒரு கால்பந்து லீக்கைக் காட்டியபோது பீட்டர் ரோட்ஸ் என்ற நடுவர், தான் கொடுத்த 21 ஃபவுல்களில் 11 விளம்பரத்துக்கு இடம் விடுவதற்காகக் கொடுத்தவை என்று ஒத்துக்கொண்டார். டிவிக்காக ஆட்டத்தையே அறுத்திருக்கிறார்கள், இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. விளம்பரத்துக்கு இடம் இல்லாத ஆட்டத்தைச் சேனல் எடுக்காது, சேனல் எடுக்காததற்குப் பத்திரிகை ஆளை அனுப்பாது, அப்புறம் திங்கட்கிழமை ஆபீசில் எவன் பேசுவான்? 1991இல் பெண்களுக்கான முதல் உலகக்கோப்பையை அமெரிக்க அணிதான் வென்றது, ஊர் திரும்பியபோது அவர்களை வரவேற்கக் கூட்டமே இல்லை.

இப்போது காசு வந்திருக்கிறது. 2023இலிருந்து 10 வருடத்துக்கு 250 கோடி டாலர் என்று ஆப்பிள் மெஸ்ஸி ஆடுகிற லீக்கோடு ஒப்பந்தம் போட்டது. ஆனால் நிறைய ஆட்டம் சந்தா கட்டினால்தான் தெரியும் என்று ஆனதும், ரிமோட்டை மாற்றிக்கொண்டே வந்து தற்செயலாக நின்று பார்க்கிறவன் வெளியே போய்விட்டான். புது ரசிகன் அப்படித்தானே உண்டாவான்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? இரவிபுத்தன்துறையில் பந்து உதைத்து வளர்ந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிச் சட்டை போட்டவர், சென்னை சிட்டி அணி இந்திய அளவிலான கிளப் போட்டியான ஐ-லீக்கையே 2018-19இல் வென்றது, தமிழ்ச் சேனல்களில் அதற்குக் கிடைத்த நேரத்தை நினைத்தால் வருத்தம்தான். கிரிக்கெட்டில் ஒருவருக்கு விரல் சுளுக்கினால்கூட நாள் முழுக்கச் செய்தி ஓடுகிறது.

அதனால்தான் இந்தக் கடையின் கறுப்புப் பலகையை நான் பெரிதாகச் சொல்கிறேன். பாய்லருக்குப் பக்கத்தில் ஆவி பட்டுச் சாக்பீஸ் எழுத்து கொஞ்சம் கரைந்துதான் இருக்கும். மேலே மயாமி ஆட்டம், அதற்குக் கீழே மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபி, அதற்கும் கீழே நம் கோயில் பங்குகளின் கிளப் போட்டிகள், எல்லாம் ஒரே அளவு எழுத்தில், நேரத்தோடு. நேற்றைய முடிவும் இருக்கும், கோல் போட்ட பையன் பெயரும் இருக்கும். தன் பெயரைப் பார்க்கவே பையன்கள் வருகிறார்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் வந்து நின்று வாசிக்கிறார்கள்.

சரி, குறைகள். டிவி கிழக்கு வாசலைப் பார்த்து இருக்கிறது, ஆறரைக்கு மேல் வெயில் நேராகத் திரையில் விழுந்து பந்து எங்கே என்றே தெரியாது, ஒரு தார்ப்பாய் கட்டினால் போதும். எல்லோரும் போனை எடுத்தால் நெட் திணறி ஆட்டம் நின்றுவிடும், அதுவும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் நிற்கும். சாயா கடுப்பம், சர்க்கரை குறைவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரசவடை ஆறு மணிக்கே தீர்ந்துவிடும், பழம்பொரி அதற்கப்புறமும் கிடைக்கும். ஞாயிறு என்றால் நாலே முக்காலுக்கே போய் இடம் பிடியுங்கள், பைக்கை ரோட்டில் விடாமல் எதிரே தென்னந்தோப்பு ஓரத்தில் விடுங்கள்.

ஐந்துக்கு நாலு தருகிறேன். மிச்சம் ஒன்றைப் பிடித்து வைத்ததற்குக் காரணம், பந்து ஆடுகிற பெண் பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் ரோட்டில் நின்றுதான் எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே வலது ஓரம் மரச்சாமான் அடுக்கி வைத்திருக்கிற இடத்தைக் காலி செய்து ஒரு பெஞ்சு போடுங்கள் அண்ணே, நானே வந்து தூக்கித் தருகிறேன்.