ஒற்றை சுவிட்ச் விளையாட்டு: பவர்பாயின்ட்டா, ஸ்கிராட்ச்சா?

மவுஸைப் பிடிக்க முடியாத குழந்தை கணினியில் விளையாட ஒரு பெரிய பொத்தான் போதும், அதுதான் சுவிட்ச். அதை மவுஸ் கிளிக்காகவோ ஸ்பேஸ் கீயாகவோ கணினிக்குச் சொல்ல ஒரு சின்னக் கருவி இருந்தால் சரி. விளையாட்டை எதில் செய்வது?

இன்று மாலைக்குள் வேண்டுமென்றால் பவர்பாயின்ட். ஆளுக்கொரு ஸ்லைடாக வீட்டு ஆட்களின் படம், அவரவர் குரல். அழுத்தினால் அடுத்தவர் வருவார், அவ்வளவுதான். ஆனால் பாட்டி பேசி முடிப்பதற்குள் குழந்தை மறுபடி அழுத்திவிட்டால் ஸ்லைடு ஓடிவிடும், தன் அழுத்தலுக்கும் அந்தக் குரலுக்கும் உள்ள தொடர்பே அதற்குப் புரியாமல் போகும். சுவிட்சை மவுஸ் கிளிக்காக வைத்து, குரல் உள்ள ஸ்லைடின் டிரான்ஸிஷனில் (ஸ்லைடு மாறும் விதத்தைச் சொல்லும் பகுதி) 'ஆன் மவுஸ் கிளிக்'கை எடுத்துவிட்டு, சில நொடிகளில் தானாக ஒரு வெற்று ஸ்லைடுக்கு நகரும்படி நேரம் கொடுங்கள். அந்த வெற்று ஸ்லைடில் மட்டும் கிளிக் இருக்கட்டும், அங்கே அழுத்தினால் அடுத்தவர் வருவார். ஸ்பேஸ் கீயாக வைத்தால் இது பலிக்காது.

ஸ்கிராட்ச் என்பது கட்டளைத் துண்டுகளை (பிளாக்) அடுக்கி விளையாட்டு செய்யும் மென்பொருள். இலவசம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் உருவாக்கியது, கற்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆனால் நான்கு படங்கள்மேல் வெளிச்சம் மாறி மாறி நகர, வேண்டிய இடத்தில் குழந்தை அழுத்தித் தேர்வு செய்யும் ஸ்கேனிங் விளையாட்டுக்கு இதுதான் சரி. பவர்பாயின்ட்டில் இணைப்பு போட்டே கை ஓய்ந்துவிடும். ஸ்கிராட்ச்சில் வெளிச்சம் நகரும் வேகத்தை ஒரே எண்ணில் மாற்றலாம். கையை எடுக்கச் சிரமப்படும் குழந்தை என்றால், கீயை விடும்வரை காத்திருக்கும் பிளாக்கைக் கட்டாயம் சேருங்கள், இல்லாவிட்டால் ஒரு அழுத்தலே பலமுறை பதிவாகும்.

அழுத்தினால் ஏதோ நடக்கிறது என்று இப்போதுதான் கற்கும் குழந்தைக்கு நான் பவர்பாயின்ட்டைத்தான் எடுப்பேன்.