திருகோணமலையில் பழைய யப்பான் சைக்கிள்: வயது போனபின் மிதிப்பவர்களுக்கு

எங்கள் ஊரில் பழைய சைக்கிளைத் தின்பது ஓடிய தூரமல்ல, உப்பு. டச்சுக் குடாப் பக்கமும் உள்துறைமுகப் பக்கமும் கடல் இருக்க, இடையில் நிறுத்தி வைத்த சைக்கிளே துருப்பிடிக்கும். அதனால் பெயின்ற் மினுக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சீற் போல்ட்டை இளக்கிச் சீற்றை இடம் வலம் திருப்பிப் பாருங்கள். இரும்புச் சட்டத்துக்குள் அலுமினியக் குழாய் உப்போடு சேர்ந்து இறுகிவிட்டால் பிறகு அசையாது. உயரம் சரிசெய்ய முடியாத சைக்கிள் ஐம்பது, அறுபது தாண்டிய முழங்காலுக்கு உதவாது. ஹான்டில் தண்டையும் அப்படியே சோதியுங்கள்.

நீண்டகாலப் பாவனையில் நின்று பிடிப்பது பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்தான். ஆண்களும் தயங்காமல் வாங்கலாம். பின்பக்கமாகக் காலைத் தூக்கிப் போடும் அந்த ஒரு கணத்தில்தான் நிலை தவறும். பழைய 28 அங்குலக் கம்பிப் பிறேக் சைக்கிள் உறுதியானது, பாகங்களும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் பாரம் கூட. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிறேக் பிடிக்காது. முன் ரிம் அலுமினியமாக இருந்தால் மாரிகாலத்தில் அதன் பெறுமதி தெரியும்.

ரயரில் பலர் ஏமாறுகிறார்கள். '26 அங்குலம்' என்று கேட்டால் கடையில் மவுன்டன் சைக்கிள் ரயரைத் தருவார்கள். அது 559 மில்லிமீற்றர் ரிம்முக்கு உரியது. யப்பான் 26 × 1 3/8 ரயருக்கு ரிம் 590. ஓரத்தில் 37-590 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். யப்பான் 27 × 1 3/8 ரயருக்கு 609. அதை இங்கே தேடி அலைய வேண்டிவரும். ஆகவே 26ஐயே எடுங்கள். இரவோடு இரவாகக் காற்றுப் போனால் உடனே ஒட்டுப் போடக் கொடுக்காதீர்கள். வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் குழாய் வெயிலில் வெடித்திருக்கும். அதை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

பின் சில்லின் உருளையைச் சுற்றி இறுக்கும் பட்டிப் பிறேக் கிரீச்சிட்டால் எண்ணெய் விடவே கூடாது. சத்தம் நிற்கும், பிறேக்கும் நிற்கும். எண்ணெய் ஊறிய பட்டியை மாற்றத்தான் வேண்டும். செயினுக்குத் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். பிசினாக இறுகி மணலைப் பிடித்துக்கொள்ளும். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி மெசின் எண்ணெய் விட்டு, வெளியே ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள். 24 கண்ணிகள் புதிதில் சரியாக 12 அங்குலம். 12 1/16 ஆனால் செயினை மாற்றுங்கள். 12 1/8 வரை விட்டால் பின் பல்சக்கரமான பிறீவீலும் சேர்ந்து போகும்.

மாரி தொடங்குமுன் சில்லு அச்சுகளைக் கழற்றிப் புதுக் கிறீஸ் போடுவது அவசியம். வழக்கமாக முன் சில்லுக்குப் பக்கத்துக்குப் பத்து 3/16 அங்குலப் போல்ஸ் (சிறு இரும்புக் குண்டுகள்), பின் சில்லுக்கு ஒன்பது 1/4 அங்குலப் போல்ஸ். போல்ஸ் உருளும் கூம்பான கோனில் குழி விழுந்திருந்தால் போல்ஸை மட்டும் மாற்றிப் பயனில்லை. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுழலும். பலம் போட்டு மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

சீற் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும். தொடக்கத்தில் பயமாக இருந்தால் இரண்டு சென்ரிமீற்றர் பதித்து வையுங்கள், பழகப் பழக உயர்த்துங்கள். பதிந்த சீற்றிலேயே தொடர்ந்து மிதித்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும்.

கோணேசர் கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால் ஏறுபவர்களுக்கு மூன்று கியர் உள்ள பின் அச்சு பெரிய நன்மை. சிமானோ நிறுவனத்தின் நெக்ஸஸ் மூன்று கியர் அச்சில் முதல் கியர் நடுக் கியரை விட 27 வீதம் இலகு. கியர் மாற்றும்போது மட்டும் மிதிப்பதை ஒரு கணம் விடுங்கள். இறங்கும்போது மான்கள் குறுக்கே வரும், இரண்டு பிறேக்கிலும் கை இருக்கட்டும்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நிலாவெளி வீதிக்கு விடியவே போய்விடுங்கள். வெயில் ஏறியபின் காற்று பக்கவாட்டில் தள்ளும். பஸ் கடக்கும் கணத்தில் காற்று மறைந்து, கடந்ததும் மறுபடி அடிக்கும். அந்த நேரம் ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காமல், வேகத்தைக் குறைத்து, முழங்கையைச் சற்று மடக்கியபடி ஓடுங்கள்.