காரின் ஃபேன் சுற்றவில்லை என்று மோட்டரை மாற்றச் சொல்கிறார்களா? காசு கொடுக்க முதல் இதைப் படியுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாகக் கராஜுக்குத் தனியாகப் போகிற பெண்கள் படியுங்கள். நான் 61,900 ரூபாய் கொடுத்தேன். உண்மையில் பழுதாகியிருந்தது 1,500 ரூபாய்ச் சாமான் ஒன்று. காசு போனது ஒரு பக்கம். அவர்கள் செய்துவிட்ட வேலையால், அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓடிய கார் தீப்பிடிக்கப் பார்த்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

சித்திரை வருடப் பிறப்புக்கு 5 நாள் இருந்தது. கண் ஆஸ்பத்திரியில் அம்மாவைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். காலி வீதி முழுக்கச் சாமான் வாங்க வந்த சனம். பம்பலப்பிட்டிக் கலர் லைட்டில் நிற்கும்போது பார்க்கிறேன், சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருக்கிறது. கார் நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் கீழே இறங்கியது. அடுத்த நெரிசலில் மறுபடி ஏறியது. வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட வரும்போது சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது, பொனட் இடுக்கால் ஆவி வந்தது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

இந்த ஏறி இறங்கும் விளையாட்டைக் கவனியுங்கள். ஓடும்போது எதிர்க்காற்றே, எஞ்சின் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரைக் குளிர்த்திவிடும், ஃபேன் தேவையில்லை. நிற்கும்போது அந்தக் காற்று இல்லை, அப்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். அதனால் நின்றால் சூடாகி ஓடினால் ஆறுகிற கார் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபேனைத்தான். இதை நான் கராஜ்காரரிடம் அப்படியே சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார்.

கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். காரை நிறுத்திய இடத்துக்குக் கிட்ட இருந்ததால் போனேன், வேறு காரணம் இல்லை.

அவர் பொனட்டைத் திறந்தார். ஃபேன் இதழை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்: "மிஸ், மோட்டர் எரிஞ்சு போச்சு. மாத்தத்தான் வேணும்." அவ்வளவுதான் சோதனை. பியூஸ் பெட்டியின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. கையில் சோதனை லைட் இல்லை, மீட்டர் இல்லை. அம்மா அந்த வெக்கையில் கதிரை ஒன்றில் உட்கார்ந்து கண்ணில் கட்டோடு இருக்கிறார். நான் சரி என்றேன்.

பின்னேரம் போனபோது பட்டியல் நீண்டிருந்தது. ஜப்பானில் இருந்து வந்த பாவித்த மோட்டர் 32,000. ரேடியேட்டர் கழுவியது 8,500. கூலன்ட், அதாவது ரேடியேட்டருக்கு ஊற்றும் நிறத் திரவம், 2 போத்தல் 6,400. வேலைக்கூலி 15,000. "ஹெட் கஸ்கட்டும் போயிருக்கலாம் மிஸ், இரண்டு கிழமையில கொண்டு வாங்க, கழட்டிப் பார்ப்போம்" என்று கடைசியில் ஒரு வார்த்தை வேறு. ஹெட் கஸ்கட் என்பது எஞ்சினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. பில் என்று கொடுத்தது கொப்பித் தாளில் பேனாவால் எழுதிய 4 வரி. கடையின் பெயர் இல்லை, திகதி இல்லை.

ஒரேயொரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். மாற்றிய சாமானைக் கையில் வாங்காமல் கராஜை விட்டு வெளியே வரக்கூடாது என்று அப்பா இருக்கும்போது சொல்லிக்கொண்டே இருப்பார். பழைய மோட்டரைக் கேட்டேன். எறிந்துவிட்டோம் என்றார். எங்கே எறிந்தீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேலை பழகும் பெடியன் ஒருவன் பின்பக்கம் போய்ப் பொலித்தீன் பை ஒன்றில் கொண்டுவந்து டிக்கியில் வைத்தான். அந்தப் பைதான் பிறகு எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது.

அடுத்த நாளிலிருந்து சாவியைத் திருப்பியதுமே ஃபேன் சுற்றத் தொடங்கியது. எஞ்சின் குளிராக இருக்கும் காலை நேரத்திலும் சுற்றியது. நல்ல மோட்டர் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது நல்ல அறிகுறியே இல்லை என்று எனக்குத் தெரியாது. ஃபேன் தன்பாட்டில் எப்போதும் சுற்றுகிற சாமான் இல்லை. எஞ்சின் தண்ணீர் நன்றாகச் சூடானதும், அல்லது ஏசி போட்டதும்தான் அது தொடங்க வேண்டும். குளிர் எஞ்சினில் ஏசி போடாமலே சாவியோடு சேர்ந்து சுற்றினால், யாரோ நடுவில் கை வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

6ஆம் நாள். ஹவ்லொக் வீதியில் கிருலப்பனைப் பக்கம் திரும்ப நிற்கிறோம். அம்மாதான் முதலில் சொன்னார், "பிள்ளை, பிளாஸ்டிக் எரியிற மணம் வருது." எனக்கும் மூக்கில் அடித்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து நூல் மாதிரிப் புகை வந்தது. காரை ஓரம் கட்டி, சாவியை உருவி, அம்மாவை இறக்கி நடைபாதையில் நிறுத்தினேன். கை கால் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் ஓடிவந்து பொனட்டைத் திறந்து பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டார். புகை நின்றது. அவர் யார் எவர் என்று தெரியாது, அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். தெமட்டகொடையில் தனக்குத் தெரிந்த வயதான எலக்ட்ரிக் பாஸ் (வாகன மின்வேலை செய்பவர்) ஒருவரை அழைத்ததும் அவர்தான்.

பாஸ் மோட்டர்சைக்கிளில் வந்தார். கீழே குனிந்து 2 நிமிடம் பார்த்தார். சாவிக்குப் பின்னால் இருக்கும் வயரிலிருந்து ஒரு மெல்லிய வயரை இழுத்து நேராக ஃபேனுக்குக் கொடுத்திருந்தார்கள். டிரெக்ட் பண்ணுவது என்று கராஜ்களில் சொல்வார்களே, அதுதான். ஃபேனுக்கு மின்னைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலே நடுவில் இல்லை, பியூஸ் இல்லை. ஃபேன் மோட்டர் 10 அம்பியருக்கும் மேலே இழுக்கும். அந்த வயரோ வீட்டு மணிக்கு இழுக்கிற வயர் அளவு. உறை உருகி, செம்பு வெளியே தெரிந்தது. பியூஸ் இருந்திருந்தால் வயர் காரின் இரும்பு உடம்பில் தொட்டதும் அது எரிந்து மின்னை வெட்டிவிடும். பியூஸ் இல்லாத இடத்தில் எரிவது வயரும், அதைச் சுற்றியுள்ளதும்தான்.

அதை வெட்டி எடுத்துவிட்டு, பாஸ் பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். எந்தப் பியூஸ் எதற்கு என்று மூடியின் உட்பக்கத்திலேயே படம் போட்டிருக்கும். ஃபேன் பியூஸ் 30 அம்பியர், எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், கம்பி அறவில்லை. அதற்குப் பக்கத்தில் தீப்பெட்டியிலும் சின்னதாக ஒரு கறுப்புச் சதுரம், அதுதான் ரிலே. அதைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் நான்கு உலோகக் கால்களில் ஒன்று பச்சை பூத்திருந்தது. அது செருகும் குழி பழுப்பாகக் கருகியிருந்தது. "கடல் பக்கமா வீடு?" என்று கேட்டார். மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறோம், கார் எப்போதும் வெளியில்தான் நிற்கும். உப்புக்காற்று காலைத் தின்ன, பிடி தளர்ந்து, சூடேறி, உள்ளே இருக்கும் தொடுபுள்ளியும் கருகிப் போயிருக்கிறது என்றார்.

பிறகு ஃபேன் ரிலேயின் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஹோர்ன் ரிலேயைப் பிடுங்கி அதில் செருகினார். என் காரில் இரண்டும் ஒரே எண், ஒரே கால் அமைப்பு. எஞ்சினைத் தொடக்கி ஏசியைப் போடச் சொன்னார். டிக் என்று ஒரு சத்தம். ஃபேன் சுற்றியது.

அவ்வளவுதான் பழுது. என் கண் முன்னால் 10 நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

அடுத்த நாள் காலை பஞ்சிகாவத்தையில் ரிலே 1,500க்கும் புதுக் குழி 700க்கும் வாங்கிக்கொண்டு அவருடைய இடத்துக்குப் போனேன். டிக்கியில் இருந்த பையைக் காட்டினேன். பழைய மோட்டரைச் சீமெந்துத் தரையில் வைத்து, செருப்புக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பற்றரியிலிருந்து பியூஸ் போட்ட இரண்டு வயரை அதன் முனைகளில் தொட்டார். மோட்டர் காலுக்குக் கீழே துள்ளிக்கொண்டு சுற்றியது, தரையிலிருந்த தூசு எழும்பிப் பறந்தது. "மகள், இது செத்துப் போச்சுன்னு யாரு சொன்ன?" என்று கேட்டார். எனக்குப் பேச வரவில்லை. 32,000 ரூபாய்க்கு மாற்றிய மோட்டர் அது.

பையின் அடியில் இன்னொன்றும் கிடந்தது. சின்ன வட்டத் தட்டும் சுருள் கம்பியும், விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. தேர்மோஸ்டாட். தண்ணீர் 82 பாகைக்கு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் மறித்து வைக்கும் கதவு. என்னைக் கேட்காமலே கழற்றியிருக்கிறார்கள். நம் நாட்டு வெயிலுக்கு இது தேவையில்லை என்று கழற்றி எறியும் பழக்கம் பல கராஜ்களில் இருக்கிறதாம். அதைக் கழற்றினால் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வர நேரமெடுக்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானம் கூடும். நின்றால் சூடாகும் பிரச்சினையோ அப்படியே இருக்கும், ஏனென்றால் காற்றுத்தானே இல்லாதது. ரேடியேட்டர் மூடியையும் ஆறிய பிறகு திறந்து பார்த்தார். 2 போத்தல் கூலன்ட் என்று காசு வாங்கிய இடத்தில் நிறமே இல்லாத குழாய்த் தண்ணீர்.

ஹெட் கஸ்கட் கதையையும் கேட்டேன். ரேடியேட்டரில் குமிழி வருகிறதா, ஒயில் பால் தேநீர் மாதிரி இருக்கிறதா, வெள்ளைப் புகை தொடர்ந்து வருகிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. ஆனால் முள் சிவப்பில் நிற்கத் தொடர்ந்து ஓடியிருந்தால் அதுவும் உண்மையாகவே போயிருக்கும் என்றார். அப்படி நெரிசலில் மாட்டினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, உள் ஃபேனைக் கூட்டி, நிறுத்த இடம் கிடைக்கும் வரை போகலாமாம். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும். வியர்க்கும், ஆனால் எஞ்சின் தப்பும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது, அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

உங்கள் காரில் பியூஸும் ரிலேயும் சரி, மோட்டரும் பற்றரியில் சுற்றுகிறது என்றால், மிச்சம் மூன்று. சூட்டை அறியும் சென்சர், மோட்டரின் எர்த் வயர், நடுவில் எங்காவது அறுந்த வயர். கணினி உள்ள பல கார்களில் எஞ்சின் ஓடும்போது சென்சரின் பிளக்கைக் கழற்றினால், பாதுகாப்புக்காகக் கணினி ஃபேனைச் சுற்ற விடும். அப்படிச் சுற்றினால் மோட்டரும் வயரும் நல்லது, சென்சரைத்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் பாஸ் சொன்னது. கையை மட்டும் இதழுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் ஃபேன் திடீரென்று தொடங்கும்.

பாஸ் தேர்மோஸ்டாட்டைப் புது வாஷரோடு திரும்பப் போட்டார், சரியான கூலன்ட் ஊற்றினார். ரிலே வேலைக்கு மட்டும் கூலி 2,500.

பழைய மோட்டரைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன். முதலாளி சொன்னது: "சும்மா வச்சா சுத்தும் மிஸ், சூட்டிலதான் நிக்கும்." அப்படி நடக்கிற மோட்டர்கள் உண்டு என்று பாஸும் சொல்லியிருந்தார், அதனால்தான் அதை 40 நிமிடம் நிறுத்தாமல் சுற்றவிட்டுப் பார்த்தோம். அதைச் சொன்னேன். கருகிய வயரைக் காட்டினேன். கடைசியில் 10,000 ரூபாயை நீட்டினார். பிறகு, "பில்லைத் தாங்க, திருத்தி எழுதித் தாறேன்" என்றார். கொடுத்தேன். என் முன்னாலேயே கிழித்துப் போட்டார்.

அந்தத் தாளை முதல் நாளே கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், அம்மாவின் மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து. அந்தப் படம் இல்லாவிட்டால் என்னிடம் ஒன்றுமே இல்லை. எந்தக் கராஜிலும் பில்லைக் கையில் வாங்கிய உடனே படம் எடுங்கள். கடைப் பெயர், திகதி, காரின் இலக்கம், எந்தச் சாமான் மாற்றினார்கள் என்று எழுதாவிட்டால் எழுதச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். அதோடு நில்லாமல் எழுத்திலும் கொடுத்திருக்கிறேன். சேவை பெற்று 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. உங்களுக்கு நடந்திருந்தால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

மோட்டரை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், பற்றரியில் தொட்டுக் காட்டுங்கள் என்று கேளுங்கள். 2 நிமிட வேலை. நல்ல ஆள் என்றால் சந்தோஷமாகச் செய்து காட்டுவார். மறுத்தால் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இதே மாதிரிப் பெயரில்லாத கொப்பித் தாள் பில் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் வேறு யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.