ரெஸ்பெக்ட் படிவம்: ஒரு தாயின் மதிப்பீடு

லண்டனில் இருக்கிறோம். மகனுக்கு பேட்டன் நோய்; பரம்பரையாக வரும் மூளை, நரம்பு நோய், குணமாகாது. அவனுடைய டாக்டரோடு உட்கார்ந்து ரெஸ்பெக்ட் படிவத்தை நிரப்பினோம். அவசர நேரத்தில் என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க, பிரிட்டனில் 2017 முதல் இருக்கிற ஊதா நிறத் தாள். அவனுக்கு எது முக்கியம் என்றும் அதில் கேட்கிறார்கள். அப்பம்மாவின் குரல் கேட்டால் அடங்குவான், சளி உறிஞ்சும் குழாயைக் கண்டால் நடுங்குவான் என்று எழுதினோம்.

இதயம் நின்றால் அதை மீண்டும் இயக்க முயற்சி செய்வதா? செய், செய்யாதே என்ற இரண்டு கட்டங்களோடு குழந்தைகளுக்கென்றே மூன்றாவதும் உண்டு. மூச்சு மட்டும் கொடுங்கள், நெஞ்சை அழுத்தவேண்டாம் என்று பிரித்துச் சொல்லலாம். அந்தக் கட்டத்துக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். சட்டக் கட்டாயமில்லை, மனம் மாறினால் டாக்டரோடு பேசித் திருத்தி எழுதலாம்.

ஒரு குறை: ஓரிரவு வந்த ஆம்புலன்ஸ்காரருக்குக் கணினியில் இது தெரியவில்லை. மூலத்தாளைக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். பிள்ளையின் பையிலேயே வையுங்கள்.