பள்ளிக் களப்பணி: அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா, தொண்டு நிறுவனமா?

களப்பணிக்கான விருப்பப் படிவம் கைக்கு வந்ததும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “எந்தப் பள்ளி வீட்டுக்குப் பக்கம்?” என்பது. தப்புச் சொல்லமாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் பிரார்த்தனை மணி அடிக்கும் முன் வாசலில் நிற்க வேண்டும். தாம்பரத்தில் இருப்பவரைத் திருவொற்றியூருக்கு அனுப்பினால் பாதித் தெம்பு ரயிலிலேயே போய்விடும். ஆனால் பள்ளியில் ஆலோசனைப் பயிற்சிக்குப் போகிறவர் தூரத்துக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது, “நான் கிளம்பிய பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?” என்பதைத்தான். படிக்கிற காலத்தில் நானும் அதைக் கேட்கவில்லை.

என் முதல் இடம் சென்னையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. ஆலோசனைக்கு ஒதுக்கிய அறை, விளையாட்டுச் சாமான் அறை. வாலிபால் வலைக்கும் உடைந்த கேரம் போர்டுக்கும் நடுவே இரண்டு ஸ்டூல். ஒரு பையன் மனம்விட்டுப் பேசத் தொடங்கும்போது சரியாக விளையாட்டு ஆசிரியர் விசிலைத் தேடிக்கொண்டு உள்ளே வருவார். முதல் மாதம் முழுக்க, ஆசிரியர் வராத வகுப்பைச் சமாளிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு நான் பின்னக் கணக்கு நடத்தியிருக்கிறேன். அறிக்கையில் அதைக் ‘குழுப்பணி’ (பிள்ளைகளைக் குழுவாகச் சேர்த்துச் செய்யும் சமூகப்பணி முறை) என்று எழுதினேன். கல்லூரி மேற்பார்வையாளர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் சமூகப்பணி மாணவர்களை நான் முதலில் தள்ளிவிடுவது அரசுப் பள்ளிக்குத்தான். காரணம், வீடு. எட்டாம் வகுப்பில் முதல் பீரியடிலேயே மேசையில் தலைவைத்துத் தூங்கும் பையன் ஒருவனை, “சுத்தச் சோம்பேறி, கொஞ்சம் கவுன்சலிங் கொடுங்கள்” என்று வகுப்பாசிரியர் அனுப்பினார். மூன்று வாரம் என்ன கேட்டாலும் குனிந்த தலை நிமிரவில்லை. நான்காம் வாரம் வீட்டுக்குப் போனேன். விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவுடன் கோயம்பேடு சந்தைக்குப் போய் மூட்டை ஏற்றிவிட்டு, திரும்பி வந்து குளித்து, நேரே பள்ளிக்கு வருகிறான். கவுன்சலிங் எல்லாம் அப்புறம். அவனுக்கு முதலில் தூக்கம் வேண்டும். அதற்குப் பேச வேண்டிய ஆள் அவன் இல்லை, அவன் அப்பா. ஒருவரோடு தனியாக உட்கார்ந்து உதவுவதைப் பாடப்புத்தகம் ‘தனிநபர்ப் பணி’ என்கிறது; அது எந்த இடத்தில் தெருவுக்கு இறங்குகிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அரசுப் பள்ளியில் திட்டங்களும் உங்கள் கருவிதான். பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு வரன் பார்க்கும் தாயிடம் பெண்கல்வியின் பெருமையை ஒரு மணி நேரம் பேசலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அவள் கணக்குக்கே மாதம் 1000 ரூபாய் வரும் என்று ஒரு வரியிலும் சொல்லலாம். எனக்குத் தெரிந்தவரை இரண்டாவதுதான் அதிகம் வேலை செய்கிறது.

குறை எது என்றால், பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் முழுநேர ஆலோசகர் கிடையாது. நீங்கள் செய்தது சரியா என்று அங்கேயே சொல்ல ஆள் இல்லை. கல்லூரி மேற்பார்வையாளரைச் சந்திக்கும் நாள்வரை சந்தேகங்களைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். அனுமதிக் கடிதம் கல்வி அலுவலகத்தில் மேசை மேசையாக நகர்வதற்கும் நாள் பிடிக்கும். ஆகஸ்டில் போக வேண்டுமானால் ஜூனிலேயே கடிதம் கொடுங்கள்.

இரண்டாம் ஆண்டில் ஒரு தனியார் பள்ளிக்குப் போனேன். தனி அறை, குளிர்சாதனம், சுவரில் ‘உணர்ச்சிகள்’ என்று வண்ண முகங்கள். எல்லாவற்றையும்விட, பத்தாண்டு அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஒரு பெண் பேசிவிட்டுப் போனதும் என்னைப் பார்த்து, “நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் நீதான் பேசினாய், கவனித்தாயா?” என்றார். அந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு செமஸ்டர் பாடம். நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்கும் பழக்கம் வேண்டுமென்றால், அதிலும் உளவியல் முதுகலை மாணவர்களுக்கு, இப்படி ஓர் ஆலோசகர் இருக்கும் தனியார் பள்ளிதான் சிறந்தது. சி.பி.எஸ்.இ. தன் இணைப்பு விதிகளிலேயே பள்ளிக்கு ஆலோசகர் வேண்டும் என்கிறது. ஆனால் பதிவேட்டில் ஆலோசகராக இருப்பவர் நடைமுறையில் சேர்க்கை வேலையும் ஆண்டுவிழாவும் பார்ப்பதுண்டு. முதல் சந்திப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம்: மேசையில் இருப்பது சேர்க்கை விண்ணப்பக் கட்டா, பிள்ளைகளின் சந்திப்பு நேரம் குறித்த நோட்டா என்று பாருங்கள்.

தனியார் பள்ளியில் வீட்டு வாசலை நீங்கள் மிதிக்க முடியாது. பெற்றோரிடம் பேசுவதென்றால் பள்ளி முதல்வர் வழியாகத்தான். மதிப்பெண் பயத்தில் கையைக் கீறிக்கொண்ட பெண்ணைப் பற்றி நான் எழுதிய குறிப்பை, “இதெல்லாம் எழுத்தில் வேண்டாமே” என்று திருப்பித் தந்தார்கள். பள்ளியின் பெயருக்கும் பிள்ளையின் நலனுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது என்ன என்று அப்போது தெரிந்தது.

எந்தப் பள்ளியானாலும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பது கிடையாது. பாலியல் தொந்தரவு நடந்திருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ‘நான் வெறும் பயிற்சி மாணவி’ என்பது விலக்கு ஆகாது. ஆகவே, “நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். புதியவர்கள் பாசத்தில் முதல் நாளே கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது வழி, பள்ளிகளில் வேலை செய்யும் தொண்டு நிறுவனம். வாராந்தர மேற்பார்வைக் கூட்டம், பயிற்சிக் கையேடு, நாலைந்து பள்ளிகளைப் பார்க்கும் வாய்ப்பு எல்லாம் உண்டு. குழுப்பணி கற்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஒரே வாழ்க்கைத்திறன் பாடத்தை ஐந்து பள்ளியில் நடத்தி, ஐந்திலும் புகைப்படம் எடுத்து, மாலையில் கணினியில் எண்ணிக்கை ஏற்றும் வேலையாக அது சுருங்கிவிடவும் கூடும். ஒரு பிள்ளையின் பெயர்கூட மனதில் தங்காது. ஒரு காலத்தில் 1098 சைல்டுலைன் (குழந்தைகளுக்கான அவசர உதவித் தொலைபேசி) பணியைத் தொண்டு நிறுவனங்கள் நடத்தியதால், அங்கே போன மாணவர்கள் நெருக்கடியை நேரில் பார்த்தார்கள். 2023இல் அந்தச் சேவை அரசின் கைக்கு மாறியது. அந்த அனுபவம் வேண்டுமென்றால் இப்போது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைத்தான் கேட்க வேண்டும்.

சிறப்புப் பள்ளிகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அங்கே பாதி வேலை பெற்றோருடன் என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

பிள்ளைகள் கூப்பிடும் விதத்திலேயே இடத்தின் குணம் தெரியும். அரசுப் பள்ளியில் நான் ‘மிஸ்’, அதாவது இன்னோர் ஆசிரியை. அடிக்கமாட்டேன் என்று அவர்கள் நம்பவே இரண்டு வாரம் ஆனது. தனியார் பள்ளியில் ‘மேம்’. பிரச்சினையை ஆங்கிலத்தில் அழகாகச் சொல்வார்கள், அழுகை வரும்போதுதான் தமிழ் வரும். தொண்டு நிறுவனத்துடன் போனால் ‘அக்கா’. உடனே ஒட்டிக்கொள்வார்கள், அடுத்த வாரம் வேறோர் அக்கா வருவார்.

வாரம் இரண்டு நாளா, ஒரு மாதம் தொடர்ச்சியான பிளாக் பிளேஸ்மென்ட்டா என்றால், பள்ளிக்கு வாரம் இரண்டு நாள்தான் சரி. ஒரு மாதத்தில் பிள்ளை வாயைத் திறக்கும் நேரத்துக்கு நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். ஆனால் ஜனவரிக்குப் பிறகு பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் உங்கள் கைக்குக் கிடைக்காது. திருப்புதல் தேர்வு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆறிலிருந்து ஒன்பது வரை உள்ள வகுப்புகளை வைத்தே திட்டமிடுங்கள். உளவியல் மாணவர்களுக்கு இன்னொரு வார்த்தை: பள்ளியில் போட்ட மணிக்கணக்கைக் காட்டி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற முடியாது. அதற்கான படிப்பு வேறு.

கடைசி நாளில், தனியார் பள்ளியில் என் கோப்புகள் ஆலோசகரின் பூட்டிய அலமாரிக்குள் போயின; என் இடத்தை அவர் அடுத்த வாரமே எடுத்துக்கொண்டார். அரசுப் பள்ளியில் ஒப்படைக்க யாரும் இல்லை. ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்த அறிவியல் ஆசிரியையிடம் கோயம்பேட்டுப் பையனைப் பற்றிச் சொன்னேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் அப்பாவின் கைப்பேசி எண்ணை எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு என் ஜூனியர் அதே பள்ளிக்குப் போனபோது, அந்தப் பக்கத்தில் பதினொரு எண்கள் இருந்தனவாம்.